ஒரு தடவைக்கு ஐந்து மரம்

எட்டாம் வகுப்பு படிக்கையில் எங்கள் தோட்டப் பாடசாலையிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போனோம். விடியற்காலை நான்கு மணிக்கு பஸ். வளைவுக்கு ஒருவர் வாந்தி. தலதா மாளிகை, கண்டி வாவி எல்லாம் முடித்துப் பூங்கா வாசலில் இறங்கும்போது பதினொன்றரை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கைகோத்து இரண்டிரண்டு பேராக நடக்கவேண்டும், வரிசை கலையக்கூடாது, பூவைத் தொடக்கூடாது. டீச்சர் எங்களை எண்ணிக்கொண்டே வந்தார். நாங்கள் முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனோம். புல்தரையில் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு குரங்கு வந்து என் மடியிலிருந்த ரொட்டிப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போனது. இரவு வீட்டுக்கு வந்ததும் "என்னடா பார்த்த?" என்று அப்பாயி கேட்டது. குரங்கைப் பற்றித்தான் சொன்னேன். 147 ஏக்கர், நாலாயிரத்துக்கு மேற்பட்ட தாவர வகை, அவ்வளவுக்கும் நடுவே நடந்துபோய் நான் கண்டது ஒரு குரங்கு.

அதற்குப் பிறகு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. பேராதனைக் கம்பஸில் நான்கு வருஷம் படித்தேன். பூங்கா கூப்பிடு தூரம். இப்போது ஆசிரியனாக வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பூங்காவைப் பார்க்கப் போகாதீர்கள். ஐந்து மரத்தைப் பார்க்கப் போங்கள். ஐந்தைத் தாண்டினால் ஆறாவதிலிருந்து எல்லாம் ஒரே பச்சை.

முதலில் நேரம். கதவு திறக்கும்போதே உள்ளே இருக்கவேண்டும். கண்டியிலிருந்து கடுகண்ணாவை, கம்பளைப் பக்கம் போகிற எந்த பஸ்ஸும் வாசலில் இறக்கிவிடும், ஐந்தாறு கிலோமீற்றர்தான். காலை எட்டு மணிக்குப் புல்லில் பனி காயாது, பூங்காத் தொழிலாளிகள் விளக்குமாறும் கையுமாகச் சருகு கூட்டிக்கொண்டிருப்பார்கள். பதினொரு மணிக்கு மேல் பாடசாலை பஸ்கள் வந்து இறங்கும். பிற்பகலில் இன்னொரு கூட்டம்: மழையில்லாத நாளிலும் குடை விரித்து அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் இளஞ்சோடிகள். நானும் கம்பஸில் படித்தவன், அதனால் குறை சொல்லமாட்டேன். ஆனால் குடைக்குப் பக்கத்தில் நிற்கிற மரத்தின் பெயர்ப்பலகையைக் குனிந்து வாசிக்கப் போனால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் வானம் பிளந்துகொண்டு கொட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை தோது.

பார்சல் கொண்டுபோனால் பைக்குள்ளேயே இருக்கட்டும். குரங்கு விஷயத்தில் எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் ஓர்க்கிட் வீட்டுக்குத் திரும்புவார்கள். அழகுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கால் புதிதாக இருக்கும்போது தூரத்துக்குப் போய்விட்டு, களைத்துத் திரும்பும்போது பூவைப் பார்ப்பதே புத்தி. இந்த நிலத்தை மூன்று பக்கமும் மகாவலி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றங்கரைப் பாதையைப் பிடித்தால் இராட்சத மூங்கில் வரும். பர்மாப் பக்கத்து இனம். மழைக்காலத்தில் புதுக்குருத்து ஒரு நாளைக்கு ஒரு அடி வரை உயரும் என்பார்கள். நம்பாமல் நான் ஒரு தடவை குருத்துக்கு நேரே பக்கத்து மூங்கிலில் ஒரு கணுவைக் குறி வைத்துக்கொண்டு மறுநாள் வந்து பார்த்தேன். குறி கீழே நின்றுவிட்டது, குருத்து அதைத் தாண்டிப் போயிருந்தது. காற்றடிக்கும்போது அந்தப் புதருக்குள் நின்று காது கொடுங்கள். பழைய வீட்டில் கதவு திறக்கிற மாதிரி ஒரு முனகல். அதைக் கேட்டுவிட்டு என்னோடு வந்த ஒரு பையன் உள்ளே வரவே மாட்டேனென்று விட்டான்.

தலைக்கு மேலே கறுப்பாகத் தொங்குவது காய் இல்லை, பழந்தின்னி வௌவால். பகலெல்லாம் சண்டை, கூச்சல், சிறகு விசிறல். ஆயிரக்கணக்கில் தொங்கும். அண்ணாந்து பார்ப்பதானால் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். இது அனுபவப்பட்டுச் சொல்வது, விளக்கம் கேட்கவேண்டாம்.

கம்பஸ் நாட்களில் என் அறைத்தோழன் யாழ்ப்பாணத்தவன். அவனை முதன்முதல் பூங்காவுக்குக் கூட்டிப்போனபோது பனை மர வரிசை ஒன்றின் முன்னால் நின்றுவிட்டான். பாதையின் இரண்டு பக்கமும் அளந்து நட்ட பனை. அடியில் பெயர்ப்பலகை, இலத்தீன் பெயர். "என்னடாப்பா, உதுக்கும் ஒரு போட்டோ? எங்கட வளவுக்குள்ள பதினைஞ்சு நிக்குது" என்று சிரித்தான். ஆனால் சிரித்துவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு மரமாகக் கையால் தட்டிப் பார்த்தான். ஆண் பனை எது, பெண் பனை எது என்று எனக்குக் காட்டினான். எங்கே காவோலை தொங்குகிறது, ஏன் ஒருத்தரும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று கோபப்பட்டான். அன்று நான் படித்த பாடம் இது: உங்கள் ஊர் மரம் அங்கே எங்கே நிற்கிறது என்று தேடிப்பிடித்து அதிலிருந்து தொடங்குங்கள். தெரிந்த மரத்தை வேற்றிடத்தில் பார்த்தால்தான் தெரியாத மரத்தைப் பார்க்கக் கண் பழகும். அதற்குப் பிறகு மற்றப் பனைக் குடும்பத்து மரங்களை எல்லாம் அவன் தன் பனையோடு ஒப்பிட்டே பார்த்தான்.

அப்படித்தான் தாளிப்பனைக்கு வந்தோம். முப்பது வருஷம், ஐம்பது வருஷம், சிலது எண்பது வரைகூடச் சும்மா வளரும். பிறகு ஒரே ஒரு தடவை உச்சியில் பூக்கும். கிளை கிளையாகப் பிரிந்த பூங்கொத்து, பல இலட்சம் பூ, செடிகொடி உலகத்தில் அதைவிடப் பெரிய பூங்கொத்து இல்லை. காய் விழுந்ததும் மரம் செத்துப்போகும். பழைய காலத்தில் ஏடு எழுதினது இதன் குருத்தோலையில். பனையோலை ஏட்டைவிட அகலம், மென்மை. பூத்து நிற்கிற தாளிப்பனை கண்ணில் பட்டால் அன்றைக்கு மற்ற நான்கு மரத்தையும் விட்டுவிடலாம்.

இரட்டைத் தேங்காய் மரங்கள் ஒரு பாதை ஓரமாக வரிசையாக நிற்கின்றன. சீசெல்ஸ் தீவுகளைத் தவிர வேறெங்கும் தானாக முளைக்காத மரம். நாட்டு மருந்துக் கடையில் கடல் தேங்காய் என்று விற்பார்களே, அது. மரம் எங்கே இருக்கிறதென்று எவருக்கும் தெரியாத காலத்தில் கொட்டை மட்டும் மிதந்துவந்து மாலைதீவுக் கரையில் ஒதுங்குமாம். கடலுக்கடியில் மரம் இருக்கிறதென்று நினைத்தார்கள். இதன் ஓட்டைத்தான் பக்கிரிகள் பிச்சைப் பாத்திரமாக வைத்திருந்தார்கள். உலகத்திலேயே பெரிய விதை, இருபது கிலோவுக்கு மேலும் கனக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் முற்ற ஆறேழு வருஷம். என் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்வேன்: "நீங்க பிறந்தப்ப பிஞ்சா இருந்த காய், நீங்க ஒண்ணாம் வகுப்புக்குப் போறப்பதான் முத்தியிருக்கும்." உடனே விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள். பெண் மரத்தின் உச்சியைப் பார்த்தால் சின்னது, நடுத்தரம், பெரியது என்று பல வயசுக் காய் ஒரே நேரத்தில் தொங்குவது தெரியும். ஒரு வீட்டு அக்கா தங்கைகள் மாதிரி.

வளைந்து நெளிந்து நிற்கிற குக் பைன் வரிசையைப் படமெடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. அதைப்பற்றி ஒரு வேடிக்கை. ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்த மரம் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகை இருக்கிற திசைக்குச் சாய்கிறதாம், சராசரி 8.55 பாகை. ரேகையிலிருந்து தள்ளிப்போகப்போகச் சாய்வு கூடுமாம். பேராதனையோ ரேகைக்குப் பக்கத்தில். எந்தப் பக்கம் சாய்வதென்று முடிவெடுக்க முடியாமல்தான் இப்படி நெளிகிறதோ என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. விஞ்ஞானப் பாட ஆசிரியர் காதில் விழாமல்.

பிரமுகர்கள் நட்ட மரங்கள் ஒரு பகுதியில் இருக்கின்றன, கல்லில் பெயரும் ஆண்டும் வெட்டி. 1875-இல் வேல்ஸ் இளவரசர் நட்ட அரசமரம். 1891-இல் ரஷ்ய இளவரசராக வந்த இரண்டாம் நிக்கலஸ் நட்ட நாகமரம். 1961-இல் விண்வெளி வீரர் யூரி ககாரின் நட்ட மரம். பிள்ளைகளுக்கு ககாரின் மரம் பிடிக்கும், அதைக் காட்டிவிட்டு மற்றப் பெயர்களை வேகமாகக் கடந்துவிடுவேன். பெயரை வாசித்துவிட்டு மரத்தைப் பாராமல் போகிறவர்கள்தான் இங்கே அதிகம். நாகமரத்தை நட்டவர் யாரென்பதைவிட, அதன் தளிர் இலை இரத்தச் சிவப்பாக இறங்குவதைப் பார்த்தீர்களா என்பதே என் கேள்வி.

இந்தப் பெயர்களில் நான் நின்று பார்க்கிறது ஒன்றே ஒன்று. 1901-இல், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் மனைவி மேரியும் நட்ட மரம். பலகையில் ஆங்கிலத்தில் பீரங்கிக் குண்டு மரம் என்றிருக்கும். சிங்களவர் சால் என்பார்கள், புத்தர் பிறந்த மரம் என்று விகாரைகளில் வைத்துப் பூப்படைப்பார்கள். உண்மையான சால மரம் வடஇந்தியாவில் இருக்கிறது, இது வேறு. நமக்கு இது நாகலிங்கம். பெயர் மூன்று, மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நம் சிவனுக்கும் அவர்கள் புத்தருக்கும் இந்த மரம் பழகி எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வரும்.

இதன் பூ கிளை நுனியில் வராது. அடிமரத்தைத் துளைத்துக்கொண்டு கயிறு கயிறாகக் காம்புகள் இறங்கி, அதில் பூக்கும். அதனால் மூக்குக்கு நேரே பூ கிடைக்கும். கீழே விழுந்த ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஆறு இதழ், தடிப்பாக, வெளியே மஞ்சள் கலந்து, உள்ளே சிவப்பு. நடுவில் ஒரு சின்ன மேடை, அதைச் சுற்றிக் குட்டை மகரந்தத் தாள்கள் வட்டமாக. ஒரு பக்கமிருந்து ஒரு பட்டை எழுந்து வளைந்து அந்த மேடையின்மேல் படமெடுத்துக் கவிழ்ந்திருக்கும். படத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகத் தாள்கள். அந்தப் படத்திலிருக்கும் மகரந்தம் தேனீக்கான தீனி, அதில் விதை பிடிக்காது. கீழே வட்டத்தில் இருப்பதுதான் வம்சம் வளர்க்கிறது. தேனீ மேலே பார்த்துத் தின்றுகொண்டிருக்கும்போது முதுகில் கீழ்மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்த அன்று என் வகுப்பில் ஒரு பிள்ளை "சேர், அப்ப அது கங்காணி வேலை" என்றது. காய்க்கு மட்டும் கிட்டப் போகாதீர்கள். தலையில் விழுந்தால் பெயருக்கேற்ற காரியம் நடக்கும், உடைந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

இனிச் சொல்வது, பெயர்ப்பலகையில் நான் எதை வாசிக்கிறேன் என்பது. பெரும்பாலானவர்கள் பெயரை வாசிப்பார்கள். நான் கடைசி வரியைத் தேடுவேன், எந்த ஊர் மரம் என்று அங்கே போட்டிருக்கும். பிரேசில், பர்மா, ஜாவா, மடகஸ்கார். அலெக்சாண்டர் மூன் என்கிறவர் பொறுப்பில் இந்தப் பூங்கா தொடங்கியது 1821. அதற்கு முன்னால் கண்டி மன்னர்களுடைய தோட்டமாக இருந்த இடம். 1815-இல் கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போய் ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. பொழுதுபோக்குக்கு அமைத்த பூங்கா இல்லை இது, நாற்றுமேடை. எந்தப் பயிர் இந்த மலையில் பிடிக்கும், எதில் காசு என்று பார்க்கிற இடம். சீனத் தேயிலைச் செடி 1824-இலேயே இங்கே வந்துவிட்டது. அப்போது அதை எவரும் பெரிதாக எடுக்கவில்லை, எல்லாருக்கும் கோப்பிப் பைத்தியம். ஆற்றுக்கு அக்கரையில் கன்னொறுவையில் ஆளுநர் பார்ன்ஸே கோப்பி நட்டார். 1869-இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படர்ந்தது. அப்போது பூங்காவின் பொறுப்பிலிருந்த துவெயிட்ஸ் நோய்ப்பட்ட இலையை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பூஞ்சணம் என்று கண்டுகொண்டார். என்ன பிரயோசனம், பதினைந்து இருபது வருஷத்தில் கோப்பி ஒழிந்தது. அதற்குள் சிங்கோனாவும் தேயிலையும் பூங்காவின் கையில் தயாராக இருந்தன. 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு முதல் விதை போனதும் பேராதனையிலிருந்துதான். 1876-இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து கண்ணாடிப் பெட்டிகளில் சுமார் 1,900 இறப்பர் நாற்று வந்து, பேராதனை நிர்வாகத்திலிருந்த ஹேனரத்கொடைப் பூங்காவுக்குப் போனது.

பெட்டியில் செடி வந்த அதே காலத்தில் தோட்ட வேலைக்குத் தோணியில் ஆள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, மாத்தளைக்கும் கண்டிக்கும் ஏறினவர்கள் எங்கள் ஆட்கள். 1823-ஐ முதல் வருகையாக வைத்துத்தான் 2023-இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பூங்காவுக்கும் எங்களுக்கும் இரண்டே வயசு வித்தியாசம். கம்பஸில் இந்தக் கணக்கு ஒருநாள் திடீரென்று தலையில் உறைத்தபோது நான் நின்றது ஜாவா அத்தி மரத்தடியில். பெரிய புல்வெளியில் குடைபோல விரிந்து நிற்குமே, அது. எட்டாம் வகுப்பில் அதன் நிழலில்தான் ரொட்டியைப் பறிகொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அப்பாயியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று தோன்றியது. எழுபது தாண்டியிருந்தது. பத்து வயசிலிருந்து கொழுந்து பறித்த கை. கண்டி ஆஸ்பத்திரிக்கு மாத்திரை எடுக்க வந்த நாளில் அப்படியே பூங்காவுக்கு. வயசானவர்களைக் கூட்டிவருகிறவர்களுக்கு: பற்றரி வண்டி இருக்கிறது, அதில் ஏற்றிவிடுங்கள், ஆனால் ஒரே மூச்சில் சுற்றி வராதீர்கள். இடையில் இறக்கி நடக்கவிடுங்கள். அப்பாயி வண்டியில் ஏறவே இல்லை, "மலையில ஏறி எறங்கின காலு" என்று.

எனக்குத் தெரிந்த வரலாறு முழுவதையும் சொல்லிக்கொண்டே போனேன். அப்பாயி காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. மரத்தை ஏறிட்டுப் பார்க்கும், அடியைப் பார்க்கும், கையை வைக்கும், நகரும். ஒரு இடத்தில் நின்று கேட்டது:

"ஏன்டா தம்பி, இதெல்லாம் யாரு கவ்வாத்து பண்றது?"

"யாரும் பண்றதில்ல அப்பாயி. அது பாட்டுக்கு வளரும்."

"வெட்டவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. "தேயிலையையும் வெட்டாம விட்டா இந்த ஒசரம் போகும்டா. கைவிட்ட மலையில பார்த்திருக்கேன். பூவெல்லாம் பூத்து, கீழ காயா கொட்டிக் கெடக்கும்" என்றது. புத்தகத்தில் நானும் படித்திருக்கிறேன், தேயிலை செடி இல்லை மரம் என்று. அப்பாயிக்கு அதைக் கண்ணால் கண்ட சாட்சி இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். இதையும் எழுதிவிடுகிறேன்: பெரியவர்களோடு போனால் நீங்கள் பேசாதீர்கள். அவர்கள் எந்த மரத்தடியில் நிற்கிறார்களோ அங்கே நீங்களும் நில்லுங்கள். ஐந்து மரக் கணக்கு அப்பாயியிடமிருந்து வந்ததுதான். அன்று காலையில் அது தொட்டுப் பார்த்தது ஐந்து மரம். எண்ணவேண்டுமென்று எண்ணவில்லை, கால் வலித்துவிட்டது.

பிள்ளைகளை இப்போது அப்படித்தான் கூட்டிப்போகிறேன். வரிசை கிடையாது. நான்கு பேருக்கு ஒரு மரம். அரை மணித்தியாலம் அங்கேயே இருக்கவேண்டும். பட்டை எப்படி, இலை எதிரெதிராகவா மாறிமாறியா, கீழே என்ன விழுந்து கிடக்கிறது, அதில் என்ன ஊர்கிறது, எந்த நாட்டு மரம். கொப்பியில் ஒரு இலையை வரையவேண்டும், பிடுங்காமல், விழுந்ததைப் பார்த்து. முதல் பத்து நிமிஷம் "சேர், முடிஞ்சுது" என்று ஓடி வருவார்கள். திருப்பி அனுப்பிவிடுங்கள். அடுத்த இருபது நிமிஷத்தில்தான் ஒருவன் எறும்பு வரிசையைக் கண்டுபிடிப்பான், ஒருத்தி பட்டைக்குள் பல்லியைக் காண்பாள். மகாவலி மேலுள்ள தொங்குபாலம் திறந்திருந்தால் அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் காட்டினால் பிறகு மரமாவது மண்ணாவது. ஆடுகிற பாலத்தோடு எந்த மரமும் போட்டி போட முடியாது.

எதையும் வெளியே எடுத்துப்போகக்கூடாது. இது எனக்குத் தெரியும், அப்பாயிக்குத் தெரியாது. மூங்கில் புதரடியில் உதிர்ந்து கிடந்த ஒரு மடல் அதன் கண்ணில் பட்டுவிட்டது. முறத்தில் பாதி இருக்கும். தட்டித் தூசி போக்கி, முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டது, நான் கவனிக்கவில்லை. வாசலில் நின்ற காவலாளி சிங்களத்தில் ஏதோ கேட்டார். அப்பாயி தோட்டத்துச் சிங்களத்தில் பதில் சொன்னது: கீழே விழுந்ததுதான், மரத்திலிருந்து பிடுங்கவில்லை, அடுப்பு விசிற. அவர் சிரித்துவிட்டு, மடலை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்தில் சாத்தி வைத்தார். அப்பாயி நாலு அடி போய்த் திரும்பி அதைப் பார்த்தது.

வெளியே கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்து நாக்கைச் சப்புக்கொட்டியது. கிளாசை வெளிச்சத்தில் தூக்கி நிறத்தைப் பார்த்தது.

"இது டஸ்ட்டுடா" என்றது. "சீனி போட்டு மறைச்சிருக்கான்."

முழுவதையும் குடித்துவிட்டுத்தான் வைத்தது.